28 அறை மாத்திரைப் பெட்டி: முடக்குவாதத்தோடு தொடங்கிய ஓர் ஆண்டின் முதல் வாரங்கள்

கார்த்திகை முடிகிற வாரத்தில் கும்பகோணத்தில் மருத்துவப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் 340 ரூபாய் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன். வாரத்தின் ஏழு நாட்களுக்கும், நாளொன்றுக்குக் காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளைகளுக்கும் சேர்த்து மொத்தம் 28 அறைகள். ஒவ்வொரு நாளுக்குரிய நான்கு அறைகளும் ஒரு தனிப் பட்டையாக இருப்பதால், வெளியூர் போகும்போது அன்றைய பட்டையை மட்டும் உருவிக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். பெட்டியிலோ அட்டையிலோ தயாரிப்பாளரின் பெயர் இல்லை. இதே அமைப்பில் பல நிறங்களில் பல கடைகளில் கிடைப்பதால், நீண்டகால நோயோடு வாழ்கிறவர்கள் வாங்குவதற்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு முடக்குவாதம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே பகையாக எண்ணித் தாக்கும் நோய் இது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் ஒரு மணி நேரமாவது விறைத்திருக்கும். மார்கழிக் குளிரில் இன்னும் கூடும். இப்போது நான் உட்கொள்பவை: காலை உணவுக்குப் பின் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று, 5 மில்லிகிராம், மதியம் கால்சியம், இரவில் மூட்டுநோய்க்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மில்லிகிராம், திங்களும் புதனும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின், சனிக்கிழமை இரவு மட்டும் நோயெதிர்ப்பின் தாக்குதலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட். இவை என் மருத்துவர் எனக்கென்று வகுத்த அளவுகள் என்பதால் வேறு யாரும் இவற்றைப் பின்பற்றக் கூடாது. இத்தனை மாத்திரைகளுக்கு நடுவே எனக்கு எது கடினம் என்பது விளங்கட்டும் என்றுதான் சொல்கிறேன். விழுங்குவது கடினமன்று, விழுங்கினேனா இல்லையா என்று நினைவில் வைத்துக்கொள்வதே கடினம். வலியும் உறக்கமின்மையும் சேர்ந்த நாட்களில், கையில் தண்ணீர்த் தம்ளரோடு நின்றுகொண்டு, குடித்தது மாத்திரையோடா வெறுமனேயா என்று பலமுறை கலங்கியிருக்கிறேன். திறந்து பார்த்தால் அறை காலியாக இருக்கிறது, ஆகவே உட்கொண்டாயிற்று என்ற ஓர் உறுதியைத் தருவதுதான் இந்தப் பெட்டியின் முதல் பயன். அதை இது நிறைவாகச் செய்கிறது.

இதற்கு முன்பு இரண்டு ஏற்பாடுகளைச் செய்துபார்த்தேன். முதலாவது, அம்மாவின் பழைய எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி. பெயரில் ஐந்து இருந்தாலும் அதில் கிண்ணங்கள் ஏழு, நாட்களுக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் கிண்ணங்களுக்குத் தனி மூடி இல்லாததால் பெட்டி சற்றே சாய்ந்தாலும் செவ்வாயும் புதனும் கலந்துவிடும். ஈரக்காற்றில் கால்சியம் மாத்திரை பொடிந்துபோகும். இரண்டாவது, 60 ரூபாய்க்கு வாங்கிய ஏழு அறைப் பெட்டி. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுத முடியாது.

அந்தப் பெட்டியின் மூடிகளில் கிழமைகள் ஆங்கில முதலெழுத்துகளாக அச்சிடப்பட்டிருந்தன. ஞாயிறுக்கும் 'எஸ்', சனிக்கும் 'எஸ்'; செவ்வாய்க்கும் 'டி', வியாழனுக்கும் 'டி'. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை இரவு, அன்றைய மெத்தோட்ரெக்சேட்டை நான் உட்கொண்ட பிறகு, என் விரல்கள் வீங்கியிருந்ததால் அடுத்த வாரத்துக்கான மாத்திரைகளை அக்கா மகள் அடுக்கிக் கொடுத்தாள். 'எஸ்' என்றிருந்த முதல் அறையில் சனிக்கிழமை மருந்தைப் போட்டுவிட்டாள், அது ஞாயிற்றுக்கிழமை. அட்டையிலிருந்து பிரித்துப் போட்டிருந்ததால் மறுநாள் இரவு மற்ற மாத்திரையோடு சேர்த்து அதையும் விழுங்கினேன். வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து அடுத்தடுத்த இரண்டு நாட்கள் உடலுக்குள் போய்விட்டது. புதன்கிழமை வாயெல்லாம் புண்ணாகி எரிந்தபோதுதான் சந்தேகம் வந்து சனிக்கிழமை அறையைத் திறந்தேன், அதில் மெத்தோட்ரெக்சேட் இல்லை. மருத்துவரை உடனே தொலைபேசியில் அழைத்தேன். அன்றே இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னார். வெள்ளணுக்கள் சற்றுக் குறைந்திருந்தன. அந்த வார மருந்தை நிறுத்திவைத்தார். இரண்டு வாரங்களில் எல்லாம் சீரானது. இந்த மருந்தைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இறந்தவர்கள் உலகின் பல நாடுகளிலும் இருக்கிறார்கள் என்று அவர் அமைதியாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. அக்கா மகள் அன்று அழுத அழுகையையும் மறக்கவில்லை. பிழை அவளுடையதன்று.

புதிய பெட்டியிலும் எழுத்துகள் ஆங்கிலம்தான். ஆனால் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் என்பதால் குழப்பம் குறைவு. அப்படியிருந்தும் வாங்கிய அன்றே அழியாத மையால் ஒவ்வொரு பட்டையின் மேலும் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதிக்கொண்டேன். நம் கிழமைப் பெயர்களின் முதலெழுத்துகளில் ஒன்றுகூட இருமுறை வருவதில்லை என்பது எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. தமிழ்நாட்டில் விற்கும் பெட்டிக்கு இதை அச்சிட்டே கொடுத்தால் என் அம்மாவைப் போன்றவர்கள் யார் துணையும் இல்லாமல் நிரப்பிக்கொள்வார்கள்.

மெத்தோட்ரெக்சேட்டை இப்போது எந்தப் பெட்டியிலும் பிரித்துப் போடுவதில்லை. சனிக்கிழமை இரவு அறையில் அதற்குப் பதிலாக, நினைவூட்டுவதற்கு ஒரு மஞ்சள் காகிதத் துண்டு இருக்கும். மருந்து தன் அட்டையிலேயே, ஒரு தனி டப்பாவில், உயரமான அலமாரியில் இருக்கும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தம்பி மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. கருவுற்றவர்கள் இந்த மாத்திரையைக் கையால் தொடுவதையும் தவிர்க்க வேண்டும் என்று மருந்தாளுநர் சொன்னார். பெட்டி வாங்குகிறவர்கள் எல்லோரும், தங்கள் மாத்திரைகளில் எவையெவை அட்டையைவிட்டு வெளியே இருக்கலாம், எவையெவை கூடாது என்று மருந்துக் கடையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியைக் கடைசிவரை வைத்திருப்பதும் நல்லது.

இந்தப் பெட்டியின் பெரிய குறை மூடிகள். அறையை மூடும்போது 'டக்' என்று அழுந்தி இறுகுவதால் காற்று புகாமல் இருக்கிறது. ஆனால் அதே இறுக்கம் காலை ஆறரை மணிக்கு என் விரல்களால் திறக்க முடியாத பூட்டாகிவிடுகிறது. மூட்டுநோய் உள்ளவர்கள்தாம் இதை மிகுதியாக வாங்குவார்கள் என்பதை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம். நான் ஒவ்வொரு காலை மூடியின் விளிம்பிலும் தடித்த துணிப் பட்டை ஒன்றை நாக்குப் போல ஒட்டி, அதைப் பிடித்து இழுத்துத் திறக்கிறேன். கடையில் வாங்கும்போது கூச்சப்படாமல் நான்கைந்து மூடிகளைத் திறந்து பாருங்கள். கை நன்றாக இருக்கும் மாலையில் போகாமல், முடிந்தால் காலையில் போய்ப் பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் வேறோர் எச்சரிக்கையும் தேவை: எனக்கு இறுகும் மூடி இரண்டு வயதுக் குழந்தையின் பல்லுக்கு இறுகாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஓரிரண்டு மாத்திரைகளே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தானவை.

இது ஏன் புத்தாண்டுக்கான பொருள் என்று தோன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜனவரி முதல் தேதியன்று, இது மாத்திரையில்லாத ஆண்டாக இருக்கட்டும் என்று முடிவெடுத்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். உறவினர்கள் பலர் வாழ்த்தினார்கள். பத்தியமும் மனவுறுதியும் போதும் என்றார்கள். ஸ்டீராய்டைப் பல மாதங்கள் உட்கொண்டவர்கள் திடீரென்று நிறுத்தினால், உடலுக்குள் இயல்பாக ஸ்டீராய்டைச் சுரக்கும், அதுவரை தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருந்த அட்ரினல் சுரப்பியால் உடனே ஈடுகொடுக்க முடியாது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. முதல் வாரமே எழுந்து நிற்க முடியாத சோர்வு; மாசிக்குள் இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கின. வலக்கை மணிக்கட்டு இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. அந்த ஆண்டின் நம்பிக்கை எவ்வளவு பெரிதாக இருந்ததோ அவ்வளவு பெரிய இழப்பை அது எனக்குக் கொடுத்தது. அதன் பிறகு வந்த புத்தாண்டில் எதையுமே விரும்பாமல் இருந்தேன். அதுவும் ஒருவகை நோயாகவே இருந்தது.

இந்த ஆண்டு மறுபடியும் விரும்பத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் விருப்பங்களை இந்தப் பெட்டிக்குள் அடங்கும் அளவில் வைத்திருக்கிறேன். மாலை வேளைக்கு எனக்கு மாத்திரை இல்லாததால் ஏழு மாலை அறைகளும் எப்போதும் காலியாகவே இருக்கின்றன. காலை அறைகளும் ஒருநாள் அப்படிக் காலியாக வேண்டும் என்பது என் முதல் விருப்பம். இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் பங்குனிவரை அடங்கியிருந்தால், சித்திரையில் ஸ்டீராய்டை 5 மில்லிகிராமிலிருந்து 2.5 ஆக்கிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பாதி மாத்திரைதான், ஆனால் அந்தப் பாதிக்காக நான் ஒரு வேளையும் தவறாமல் 28 மூடிகளையும் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

மெத்தோட்ரெக்சேட்டையும் ஃபோலிக் அமிலத்தையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உயிர்வேதியியல் அறிஞர் எல்லப்பிரகடா சுப்பாராவ் நினைவுக்கு வருகிறார். 1895 ஜனவரி 12 அன்று ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்ததற்காக ஆசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். உடன்பிறந்தவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்த அவர், அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் தலைமையேற்று நடத்திய குழுதான் 1940களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அது ஸ்ப்ரூவுக்கு மருந்தானது. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் புற்றுநோய்க்கான தேடலில் அதே ஆய்வகத்தில் பிறந்ததே. அவர் 1948இல் மறைந்தார். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டைத் தரலாம் என்று அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது 1988இல். தான் அறியாமலே இன்னொரு நோய்க்காகவும் அவர் உழைத்திருக்கிறார். சனிக்கிழமை மருந்தும், அதன் கடுமையைத் தணிக்கத் திங்களும் புதனும் வரும் சிறு மஞ்சள் மாத்திரையும் ஒரே கையிலிருந்து எனக்கு வந்தவை என்று எண்ணுவது, குமட்டல் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உண்மையாகவே துணையாக இருக்கிறது.

பொங்கலன்று காலை வாசலில் கோலம் போட்டேன். சூடான காப்பித் தம்ளரைப் பத்து நிமிடம் இரு கைகளாலும் பிடித்திருந்துவிட்டு, ஏழு புள்ளிக் கோலம் மட்டும். கோடுகள் சற்று நடுங்கியிருந்தன. மார்கழி முழுவதும் போட வேண்டும் என்று நான் விரும்பவில்லை, ஒரு நாள் போதும் என்றே விரும்பினேன். அந்த ஒரு நாள் கிடைத்தது.

அடுத்தது மாசியில் தம்பி மனைவியின் வளைகாப்பு. நாத்தனார் முறையில் அவள் கைகளில் கண்ணாடி வளையல்களை உடையாமல் அடுக்க வேண்டும். அதற்கு அன்று காலை என் விரல்கள் மடங்கினால் போதும். முந்தின நாள் எனக்குத் தஞ்சாவூரில் இரத்தப் பரிசோதனை இருப்பதால், அன்றைய பட்டையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போவேன். பேருந்தில் மாத்திரை அட்டைகளை மடியில் பரப்பித் தேட வேண்டியதில்லை என்பதே 340 ரூபாயில் பாதிக்குச் சமம்.

வாங்கலாமா என்றால், நாளொன்றுக்கு இரண்டு வேளைகளுக்கு மேல் மாத்திரை உட்கொள்பவர்கள் வாங்கலாம். ஒரு வேளை மட்டுமென்றால் ஏழு அறைப் பெட்டியே போதும், கிழமைகளைத் தமிழில் எழுதிக்கொண்டால். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பிவைக்க வேண்டாம். அடுப்படியிலும் குளியலறையிலும் வைக்க வேண்டாம். சனிக்கிழமை இரவு அக்கா மகளையே நிரப்பச் சொல்கிறேன். அவள் நிரப்பியதை நான் ஒருமுறை எண்ணிச் சரிபார்க்கிறேன், பிறகு அம்மா ஒருமுறை எண்ணுகிறாள், கடைசியாக அக்கா மகள் அந்த மஞ்சள் காகிதத்தை, நான் 'ச' என்று எழுதிய பட்டையின் இரவு அறையில் வைத்து மூடுகிறாள்.