வாஷ்பேசின் அடியில் பாட்டில் ட்ராப்: ஏழு வருட அனுபவம்

2018 கடைசியில் தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டில் சுவரில் மாட்டும் வாஷ்பேசின் வைத்தோம். பேசின் பீங்கான், அதில் எந்தக் குறையும் இல்லை. இந்த ஏழு வருடத்தில் என்னை அலையவிட்டது அதன் அடியில், கழிவுத் தண்ணீரைச் சுவர்க் குழாய்க்கு விடும் ட்ராப்தான்.

முதலில் போட்டது குரோம் பூசிய பித்தளை பாட்டில் ட்ராப், அதாவது அடியில் கழற்றும் கிண்ணத்தோடு பாட்டில் போல இருக்கும் வகை. சுவர் பேசினில் அடிப்பக்கம் முழுக்கக் கண்ணில் படும், அதனால் பளபளப்பாக இருக்கட்டும் என்று வாங்கினோம். புழலும் செம்பரம்பாக்கமும் வறண்ட 2019 கோடையில் அதைக் கழற்றிவிட்டு அடியில் பக்கெட் வைத்தோம். முகம் கழுவிய தண்ணீரை டாய்லெட்டுக்கு ஊற்றினோம். அன்று சாயங்காலமே பாத்ரூம் முழுக்கச் சாக்கடை நாற்றம். சுவர் ஓட்டையில் துணியை இறுக்கி அடைத்த பிறகுதான் நின்றது. ட்ராப்புக்குள் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் அத்தனை நாளும் அந்த வாடையைத் தடுத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

2022இல் பித்தளையின் அடிக்கிண்ணத்தில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதோடு, தண்ணீர் மெதுவாக இறங்கும்போதெல்லாம் நான் ஆசிட் ஊற்றியிருக்கிறேன். பூச்சு உரிந்து, உலோகத்தை அரித்துவிட்டது. தயவுசெய்து யாரும் ஆசிட் ஊற்றாதீர்கள். கிண்ணத்தைக் கழற்றி, முடியையும் பேஸ்ட் படிவையும் எடுத்துவிட்டால் போதும்.

மாற்று வாங்கப் போனபோது ஹார்டுவேர் கடைப் பெரியவர், "தம்பி, கையால கழட்டுற மாதிரி வாங்குங்க, ஸ்பானர் தேட வைக்கிற சாமான் வேணாம்" என்றார். பிளாஸ்டிக் பாட்டில் ட்ராப் எடுத்துக் கொடுத்தார். அழகு குறைவுதான், ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடியில் மக்கை வைத்துக்கொண்டு நானே திறந்து கழுவுகிறேன். வாங்கும்போது ஒன்று பாருங்கள்: உள்ளே இறங்கும் குழாயின் வாய், வெளியேறும் வழியைவிட 50 மி.மீ. ஆவது தாழ்வாக இருக்க வேண்டும். அந்த ஆழம்தான் தேங்கும் தண்ணீர். சில மலிவு மாடல்களில் இது பாதிகூட இல்லை.

மாட்டும்போது பலரும் மரைக்கு டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறார்கள். ட்ராப் நட்டில் ஒழுக்கைத் தடுப்பது மரை இல்லை, வாஷர். சரிவான வாஷராக இருந்தால் சரிந்த பக்கம் ட்ராப்பை நோக்கியும், தட்டைப் பக்கம் நட்டை நோக்கியும் இருக்க வேண்டும். கையால் இறுக்கி, கடைசியில் கால் சுற்று போதும். பிறகு பேசினை நிரப்பி, தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரிந்துவிடும்.

நடுவில் ஒருமுறை வேஸ்ட் கப்ளிங்கில், அதாவது பேசின் ஓட்டையில் மாட்டி ட்ராப்போடு இணைக்கும் துண்டில், கசிவு வந்தது. வாஷரை இரண்டு தடவை மாற்றியும் நிற்கவில்லை. அம்மா முகம் கழுவும்போது பேசினில் இரண்டு கைகளையும் ஊன்றுவார். சுவர் போல்ட் தளர்ந்து, ஒவ்வொரு முறையும் பேசின் லேசாக அசைந்திருக்கிறது. போல்ட்டைச் சரிசெய்தோம், கசிவு நின்றது. சுவர் பேசினில் ஒழுக்கு என்றால் முதலில் பேசினைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

சுவருக்குள் போகும் இடத்தில் முதல் பிளம்பர் வெள்ளை சிமென்ட் பூசியிருந்தார். அது விரிசல் விட்டு, கரப்பான் வந்தது. குழாயைக் கழற்றவும் முடியவில்லை. இப்போது 40 மி.மீ. சுவர்க் குழாய்க்கும் 32 மி.மீ. ட்ராப் குழாய்க்கும் நடுவே ரப்பர் புஷ்தான். சுருங்கி விரியும் பிளாஸ்டிக் வேஸ்ட் பைப்பை நான் வேண்டாம் என்பேன். அது தொய்ந்து, மடிப்பில் அழுக்கு தங்குகிறது.

ஊருக்குப் போய் ஒரு மாதம் வீடு பூட்டியிருந்தால் ட்ராப் தண்ணீர் வற்றிப் போகும். கிளம்புமுன் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால், மேலே படர்ந்து சீக்கிரம் ஆவியாக விடாது.

போன வாரம் திறந்தபோது ஒரு வாஷர் விறைத்திருந்தது. கடைக்குப் போனால் பழைய வாஷரைக் கையோடு எடுத்துப் போங்கள். 32 என்று கேட்டாலும் கம்பெனிக்குக் கம்பெனி தடிமன் மாறுகிறது.