லே சங்ஸ்பா விருந்தினர் இல்லம்: மாதம் பார்த்து நட்சத்திரம் போடுங்கள்

லடாக்கின் லே ஊரில், சங்ஸ்பா பக்கம் ஒரு குடும்பம் நடத்துகிற சின்ன விருந்தினர் இல்லம். செப்டம்பர் கடைசியில் தங்கினோம், எனக்கு முழுத் திருப்தி. ஆனால் அதே வீட்டுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, வெந்நீர் இல்லை, குளிர் தாங்கவில்லை என்று பொரிந்து தள்ளியவர்களும் இருக்கிறார்கள். எந்த மாதம் போனார்கள் என்று பார்த்தால் நவம்பர், இல்லாவிட்டால் மார்ச். இதற்கு வீட்டுக்காரரைத் திட்டி என்ன செய்ய? ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். இமயமலை பருவமழை மேகத்தைத் தெற்கிலேயே மறித்துவிடுவதால் வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. பாலைவனம்தான், ஆனால் குளிர்ப் பாலைவனம்.

தெற்கு பார்த்த மாடி அறையாகக் கேட்டு வாங்குங்கள், இது முக்கியம். காற்று மெலிசு, ஈரமும் கிடையாது, அதனால் வெயில் நேராக வந்து சுடுகிறது, இரண்டடி தள்ளி நிழலுக்குப் போனால் ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. காலை பதினோரு மணிக்கு நான் ஜன்னலோரம் டீ-ஷர்ட்டோடு உட்கார்ந்திருந்தேன், வடக்குப் பக்க அறையில் இருந்த நண்பர் அதே நேரத்தில் ரஜாய்ப் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு அறைக்கும் வாடகை ஒன்றுதான்.

வெந்நீர் சோலாரில் வருகிறது. காலையில் எழுந்ததும் குளிக்கிற பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சாயங்காலம் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூடு, காலையில் அதே குழாயில் பனிக்கட்டி உருகின மாதிரி தண்ணீர். கேட்டால் ஒரு வாளி அடுப்பில் வைத்துத் தருகிறார்கள், முகம் சுளிப்பதில்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்தக் குழாய்களும் கிடையாது. ஜனவரி ராத்திரியில் மைனஸ் 15 வரைக்கும் அதற்குக் கீழேயும் போகும், தண்ணீர் உள்ளேயே உறைந்து குழாய் வெடித்துவிடும் என்று முன்கூட்டியே வடித்து மூடிவிடுகிறார்கள். வாளித் தண்ணீர், மண் போட்டு மூடுகிற உலர் கழிப்பறை, அறையைச் சூடாக்க புகாரி என்கிற இரும்பு அடுப்பு, அவ்வளவுதான். உறைந்த ஸன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்கிற சாதர் பயணத்துக்கு வருபவர்களுக்கு இது பழகினதாக இருக்கலாம். குழந்தையோடு போகிறவர்களுக்குச் சரிப்படாது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகலில் 25 டிகிரியைத் தாண்டும், மணாலி, ஸ்ரீநகர் சாலைகள் இரண்டும் திறந்திருக்கும், மரத்தில் பாதாமிப்பழம் (ஆப்ரிகாட்) பழுத்துக் கிடக்கும், கூட்டமும் அம்மும். மழையே வராது என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2010 ஆகஸ்ட் 5 ராத்திரி மேகம் வெடித்துக் கொட்டியதில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள், லேவை ஒட்டிய சோக்லம்சர் சேற்றில் புதைந்தது. மலையில் மண்ணைப் பிடித்து நிறுத்தச் செடிகொடி இல்லை, கொஞ்சம் மழை அதிகமானாலே எல்லாம் கீழே வந்துவிடும். இந்த வீட்டுக்கும் மண் கூரைதான், அடைமழை நாளில் தார்ப்பாய் போட்டு மூடுவோம் என்றார்கள். ஏப்ரலில் பாதாமிப் பூ பார்க்க ஆசைப்பட்டால் விமானத்தை நம்புங்கள், அப்போது மணாலி சாலை திறந்திருக்கும் என்று நிச்சயமில்லை.

வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் ஆமாலே (லடாக்கியில் மரியாதையாக அம்மா) என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்தவர் (பெயர் வேண்டாம்) விமானத்தில் வந்து இறங்கின மறுநாளே கர்துங் லா என்று போட்டிருந்தார். அந்தக் கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே. ஆமாலே தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, டிரைவரைப் போனில் கூப்பிட்டு, "இவங்க இன்னும் ரெண்டு நாள் எங்கயும் வர மாட்டாங்க" என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை! அப்புறம் பூண்டு சூப் வந்தது, படு என்று உத்தரவும் வந்தது. லேயில் நம்ம ஊரைவிட மூன்றில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் குறைவு, முதல் நாள் மாடிப்படி ஏறினாலே அது புரிந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு திட்டம் போட்டவருக்குத் தெரியாதது ஆமாலேவுக்குத் தெரிந்திருந்தது, ஐந்தில் இரண்டு நட்சத்திரம் இதற்கே கொடுப்பேன்.

சாப்பாடு காலையில் கம்பீர் ரொட்டி, பாதாமி ஜாம், ராத்திரி துக்பா என்கிற நூடுல்ஸ் சூப். இட்லி தேடாதீர்கள். குறை என்றால், மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பி ஜன்னல் இடுக்கு வழியாகப் புழுதியைக் கொண்டுவந்து படுக்கையில் கொட்டுகிறது, மதியம் வெளியே போகும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுப் போங்கள். வைஃபை பேருக்குத்தான், வெளியூர் பிரீபெய்டு சிம்மும் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு உள்ளவர் ஒருவராவது கூட இருக்கட்டும். ராத்திரி தெருநாய்களின் கச்சேரி வேறு. அதற்கும் தெற்கு மாடி அறைதான் தேவலை, தெருப்பக்கம் வடக்கு.