வெளிநாட்டுப் பார்சலுக்குப் பணம் கட்டும் முன் பில் ஆஃப் என்ட்ரியைக் கேளுங்கள்

என் தம்பி திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பேண்ட் செட்டில் டிரம்பெட் வாசிக்கிறான். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு அவர்கள் செட்டுக்கு முதல் தடவையாக அழைப்பு வந்திருந்தது. அவனிடம் இருந்த பழைய டிரம்பெட்டில் நடு வால்வை அமுக்கினால் திரும்ப மேலே வராது. விரலால் நெம்பி விட்டுத்தான் அடுத்த சுரத்துக்குப் போக வேண்டும். அதனால் சீட்டு எடுத்த பணத்தில் இங்கிலாந்துக் கடை ஒன்றில் ஆன்லைனில் புதிது வாங்கினோம். அனுப்பும் செலவோடு 31,400 ரூபாய். இறக்குமதி வரி தனி என்று கடைக்காரர் பில்லிலேயே போட்டிருந்தார். வரி கட்ட எங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை.

நவம்பர் 20-ம் தேதி மதியம் பார்சல் கொண்டுவரும் கூரியர் ஏஜென்சியிலிருந்து போன். "அண்ணே, உங்க பார்சல் கஸ்டம்ஸ்ல கெடக்கு. டியூட்டி 24,600. இன்னைக்குக் கட்டலேன்னா நாளையில இருந்து ஸ்டோரேஜ் ஏறும்." பொருளே 31,400, அதுக்கு வரி இவ்வளவா என்று கேட்டேன். "மியூசிக் ஐட்டத்துக்கு அப்படித்தாண்ணே. கவர்மெண்ட் போட்டது, நாங்க என்ன செய்ய?"

கொடியேற்றத்துக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. அவர் சொன்ன நம்பருக்கு ஜிபேயில் அனுப்பினேன். திரையில் ஏஜென்சி பெயர் வரவில்லை, ஒரு ஆளின் பெயர்தான் வந்தது. அவசரத்தில் அதைப் பார்த்தும் அழுத்திவிட்டேன்.

மறுநாளே பார்சல் வந்தது. கூடவே அரைத்தாள் ரசீது ஒன்று. அதில் ஒரே வரி: "கஸ்டம்ஸ் டியூட்டி மற்றும் சார்ஜஸ், 24,600." எதற்கு எவ்வளவு என்ற பிரிவு கிடையாது, ஜிஎஸ்டி எண் கிடையாது, சீல் கிடையாது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்கா, அரசாங்கத்துக்குக் கட்டின காசுக்கு இப்படியா சீட்டு தருவாங்க?" என்றார். அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது.

வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரும் வரி உள்ள பொருளுக்கு பில் ஆஃப் என்ட்ரி என்ற ஆவணம் தாக்கலாகும். பொருளின் மதிப்பு, ஒவ்வொரு வரியும் எவ்வளவு, சரக்கு எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்சியில் கேட்டால் "அதெல்லாம் கம்பெனி பேப்பர், தர மாட்டாங்க" என்றார்கள். அப்புறம் கூரியர் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஏர்வே பில் நம்பரை, அதாவது பார்சலின் கூரியர் எண்ணைப் போட்டு மெயில் அனுப்பினேன். மூன்றாம் நாள் பிடிஎஃப் வந்துவிட்டது.

அதில் மொத்த வரி 13,213 ரூபாய். நிறுவனம் எனக்காக முன்பணமாக வரி கட்டியதற்கு எடுத்த கட்டணம் 1,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 180. ஆக 14,393. மீதி 10,207 ரூபாய் எங்கே போனது? அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது தேதி. 'அவுட் ஆஃப் சார்ஜ்', அதாவது கஸ்டம்ஸ் சரக்கை விடுவித்த நாள், நவம்பர் 18. எனக்குப் போன் வந்ததோ 20. வரி கட்டி, சரக்கு வெளியே வந்து இரண்டு நாள் ஆன பிறகு "கஸ்டம்ஸ்ல கெடக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே கேள்வி கேட்டிருக்கலாம். பொருள் விலையோடு அனுப்பும் செலவும் இன்சூரன்ஸும் சேர்ந்ததுதான் வரிக்குரிய மதிப்பு. அதன் மேல் அடிப்படைச் சுங்க வரி. அந்தச் சுங்க வரித் தொகையில் 10 சதவீதம், சமூக நலக் கூடுதல் வரி. பெரும்பாலான பொருளுக்கு இது உண்டு. இவை எல்லாம் கூட்டி வந்த தொகையின் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. வரிக்கு மேல் வரி ஏறுவதால் தொகை பெரிதாகத்தான் தெரியும், அதைத்தான் இவர்கள் திரையாகப் பயன்படுத்துகிறார்கள். வரி வேறு, கூரியர்காரரின் கட்டணம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதித் தராத எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

பிடிஎஃப்பைக் காட்டியதும் ஏஜென்சியில் பேச்சு மாறியது. ஹேண்ட்லிங், ஸ்டோரேஜ், வண்டி வாடகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். எதற்கும் பில் இல்லை. "கிஃப்ட்னு போட்டு அனுப்பச் சொல்லியிருந்தா வரியே இல்லண்ணே" என்று எனக்கே யோசனையும் சொன்னார்கள். இது சுத்தப் பொய். பரிசுப் பொருளுக்கு இருந்த வரிச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு மிஞ்சியது. துபாய், குவைத்தில் வேலை செய்கிற நம் ஆட்கள் இன்னும் பெட்டியில் 'கிஃப்ட்' என்று எழுதி கூரியரில் அனுப்புகிறார்கள். வாங்கிக்கொள்ளும் வீட்டில் பெரும்பாலும் வயதான அப்பா அம்மா; கேட்ட பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகு 6,000 ரூபாய் திரும்பி வந்தது. பாக்கி 4,207-க்கு நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. குறை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும்.

இன்னொன்று. என் கதையில் பார்சலாவது நிஜம். பார்சலே இல்லாமல், "உங்க பேர்ல வெளிநாட்டுல இருந்து நகை வந்திருக்கு, டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ் பேசுறோம்" என்று மிரட்டிப் பணம் பிடுங்கும் கூட்டம் தனி. தனிநபர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரி கட்டச் சொல்லி கஸ்டம்ஸ் ஒருபோதும் போன் செய்யாது. கஸ்டம்ஸ் அனுப்பும் கடிதத்தில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும். மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள், ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள்.

நம் மாவட்டத்தில் இப்படி ஒரே வரியில் எழுதிய ரசீதோடு பணம் கட்டியவர்கள் இருந்தால், ரசீதைத் தூரப் போட வேண்டாம். ஏர்வே பில் நம்பர் பெட்டியின் மேல் ஒட்டிய தாளிலேயே இருக்கும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் அதைக் கிழித்து எடுத்து வையுங்கள்.