அம்பாசடர் பானட்டுக்குள் வயரிங்: ஒட்டுப் போடலாமா, ரெடிமேட் கிட்டா, புதிதாகக் கட்டுவதா?

டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்து, இன்ஜினும் ஏறி உட்கார்ந்தாயிற்று. அப்புறம்தான் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது: பானட்டுக்குள் தொங்கும் இந்த வயர்க் கொத்தை என்ன செய்வது? என்னுடையது 1978 மார்க் 3 மாடல், பெட்ரோல், 1489 சிசி இன்ஜின். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறேன். மூன்று வழிகளையும் விசாரித்து, கடைசியில் பழைய கொத்தை அச்சாக வைத்துப் புதிதாகக் கட்டினேன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம், நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

ஒட்டுப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவு மிகக் குறைவு, ஒரே நாளில் வண்டி ஓடும். ஆனால் நாற்பது வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்த பிவிசி உறை விறைத்துப்போய், வளைத்தால் படீரென்று விரிசல் விடும். உறையைச் சீவிப் பாருங்கள், செம்பு பளபளவென்று இருக்காது, கறுத்திருக்கும். அதில் ஈயம் ஒட்டாது. இன்னும் கொஞ்சம் உள்ளே சீவினாலும் அதே கறுப்புதான். அந்த நிலையில் இருக்கும் வயரோடு புது வயரை முறுக்கி டேப் சுற்றினால், அந்த முறுக்குதான் அடுத்த பழுது வரப்போகும் இடம். ஒரே ஒரு வயர் மட்டும் உரசி அறுந்திருக்கிறது, மற்றதெல்லாம் வளைகிறது, செம்பும் சிவப்பாக இருக்கிறது என்றால் தாராளமாக ஒட்டுப் போடுங்கள்.

ரெடிமேட் கிட்டை நான் குறை சொல்ல மாட்டேன். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ உள்ள உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பார்த்தால் அம்பாசடருக்கு இன்னும் கிட் கிடைக்கிறது. நிறங்கள் ஓரளவு சரியாக இருக்கும், முனைகளில் லக் (மாட்டுவதற்கான உலோகக் கொக்கி) அடித்தே வரும், கூலியும் மிச்சம். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே, டைனமோவோடு, கூடுதலாக எதுவும் மாட்டாமல் இருந்தால் அதை வாங்கிப் போடுவதில் தப்பே இல்லை. சிக்கல் இரண்டு. "அம்பாசடர் பெட்ரோல்" என்று மட்டும் சொல்லித் தருவார்கள், மார்க் 3-க்கும் பின்னால் வந்த நோவா மாடலுக்கும் கிளைகள் பிரியும் இடம் வேறு, ஒரு கிளை எட்டாது, இன்னொன்று சுருண்டு கிடக்கும். இரண்டாவது, வயரின் தடிமன். டைனமோ தருவது சுமார் 20 ஆம்பியர், அந்தக் கணக்குக்கு வந்த சார்ஜிங் வயரில் 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைத் தொங்கவிட்டால் வயர் சூடாகும். வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம், அந்தக் கிட் வேண்டாம்.

சரி, புதிதாகக் கட்டுவதற்கு வருவோம். தடிமன், நீளம் எல்லாம் முக்கியம்தான், ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறு. பின்னால் ஒரு நாள் பழுது வரும்போது அதைக் கண்டுபிடிப்பது யார், எப்படி என்பதுதான் அது. வயரிங் ஒரு தடவை செய்வது, பழுது தேடுவது வண்டி இருக்கும்வரை. நம் ஊர் எலக்ட்ரீஷியன்களில் பலர் வேலையில் கெட்டிக்காரர்கள், ஆனால் கையில் இருக்கும் சிவப்பு, கறுப்புச் சுருள்களை வைத்தே முழு வண்டியையும் முடித்துவிடுவார்கள். என் வண்டியைக் கட்டியவரும் முதலில், "கலர் எதுக்கு சார், கரண்ட்டுக்குக் கலர் தெரியுமா?" என்றுதான் கேட்டார். கரண்ட்டுக்குத் தெரியாது, அடுத்து பானட்டைத் திறப்பவருக்குத் தெரிய வேண்டுமே.

அம்பாசடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் கார், அதனால் வயரிங்கும் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் நிற முறைதான். பேட்டரியிலிருந்து நேராக வருவது பிரவுன். சாவியைத் திருப்பினால் உயிர் வருவது வெள்ளை. அது பியூஸைத் தாண்டியதும் பச்சை. பியூஸ் வழியாக எப்போதும் உயிரோடு இருப்பது ஊதா. ஹெட்லைட் நீலம், அதில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம். பார்க்கிங் விளக்கு சிவப்பு, எர்த் கறுப்பு. இக்னிஷன் காயிலிலிருந்து, ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு. இவ்வளவு தெரிந்தாலே பானட்டுக்குள் பாதி வேலை முடிந்தது.

இதன் பலன் விக்கிரவாண்டி தாண்டி ஓர் இடத்தில் தெரிந்தது. வைப்பர், இண்டிகேட்டர், பெட்ரோல் முள் மூன்றும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டன, வண்டி மட்டும் ஓடுகிறது. ரோட்டோரக் கடையில் இருந்த பையன் அம்பாசடரில் கைவைத்து வளர்ந்தவன் இல்லை. ஆனாலும் மூன்றுக்கும் போவது பச்சை என்பதைப் பார்த்ததும் பச்சையைப் பிடித்துக்கொண்டே பியூஸ் பெட்டிக்குப் போனான். பியூஸ் நன்றாகத்தான் இருந்தது, அதைப் பிடிக்கும் பித்தளைக் கிளிப்பு தளர்ந்திருந்தது. இடுக்கியால் ஒரு அமுக்கு, வேலை முடிந்தது. எல்லாமே சிவப்பாக இருந்திருந்தால் டெஸ்ட் பல்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகக் குத்திப் பார்க்க வேண்டியதுதான், குத்திய ஓட்டையில் பிறகு தண்ணீர் இறங்கும்.

கோடு போட்ட வயர் எல்லா நிறத்திலும் கிடைக்காது. நான் அடிப்படை நிறத்தில் வயர் வாங்கி, கோட்டின் நிறத்தில் ஸ்லீவ் துண்டை இரண்டு முனையிலும் ஏற்றி, சூடு காட்டிச் சுருக்கிவிட்டேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த ஸ்லீவ் எல்லா நிறத்திலும் கிடைக்கிறது. பழைய கொத்தை அறுக்காமல் முழுசாக வெளியே எடுத்து, பிளைவுட் பலகையில் படுக்கவைத்து, கிளை பிரியும் இடங்களில் ஆணி அடித்து, அதே வழியில் புது வயரை ஓட்ட வேண்டும். இன்ஜினுக்குப் போகும் கிளைகளில் கொஞ்சம் தளர்வு விடுங்கள், ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் ஆடும். சுற்றுவதற்குப் பசை இல்லாத டேப் நல்லது, சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை சூட்டில் உருகி வழிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும்.

தடிமனை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு லாபம். ஹெட்லைட் கரண்ட் டேஷ்போர்டு சுவிட்ச், காலடி டிம்மர் எல்லாம் சுற்றி வருகிறது. ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் பல்பின் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். இரண்டு ரிலே (சின்னக் கரண்ட்டில் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் நேராக இழுத்தால் பழைய சுவிட்சும் பிழைக்கும். பழைய லூகாஸ் முறையில் ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது, ரிலே வைக்கும்போதே அதையும் சேர்த்துவிடுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் வயருக்கு நான் 6 சதுர மில்லிமீட்டர் போட்டேன்.

எந்த வழியில் போனாலும் எர்த் பட்டையை மறக்கக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, பாடிக்கும் அதற்கும் பின்னல் பட்டை இல்லை என்றால் செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகைந்த வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். பட்டை பிடிக்கும் இடத்தில் புதுப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

செலவென்று பார்த்தால் கட்டுவதில் பொருளைவிடக் கூலிதான் கூடுதல், கிட்டைவிட நிச்சயம் அதிகம், நாளும் பிடிக்கும். விற்கும்போது அந்தப் பணம் திரும்புமா என்றால், வாங்க வருபவர் பெயிண்டையும் வண்டியின் அடிப்பாகத்தையும்தான் பார்க்கிறார், பானட்டுக்குள் ஒழுங்காக இருந்தால் பேரம் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். வருஷத்துக்கு இரண்டு தடவை கல்யாணத்துக்கு எடுக்கும் வண்டிக்கு நான் கிட்டைத்தான் சொல்வேன். டீசல் அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினி காரிலும் நான் கைவைத்ததில்லை, இங்கே சொன்ன நிறங்களை அப்படியே அவற்றுக்குப் பொருத்த வேண்டாம்.

எது போட்டாலும் முதல் தடவை பேட்டரியை நேராக மாட்டாதீர்கள். நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வைத்து, சாவி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, கதவையும் மூடிவிட்டுப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒவ்வொரு கிளையாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்தக் கிளையில்தான் கோளாறு.