கூரைக்காரர் பாதியில் விட்டுப் போனபோது கை கொடுத்த கேரண்டி

கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் என் கணவர் வீட்டார் நடத்தும் கட்டட நிறுவனத்தில் கணக்கு, கடிதம், ஒப்பந்தத் தாள் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். சப் காண்ட்ராக்டர் வேலையை முடிக்காமல் போனால் பணம் தருவதாக இன்சூரன்ஸ் கம்பெனி எழுதிக் கொடுக்கும் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி, அதை ஏற்பாடு செய்த புரோக்கர், இந்த இரண்டையும் பற்றித்தான் இந்த விமர்சனம். இங்கே புதிதாகத் தொழில் தொடங்கும் நம் ஆட்கள் இந்தத் தாளை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

டோங்காட்டில் ஒரு பண்டகசாலை கட்டிக்கொண்டிருந்தோம். இரும்புச் சட்டமும் கூரையும் ஒரு சப் காண்ட்ராக்டருக்குக் கொடுத்திருந்தோம். 18 லட்சத்து 60 ஆயிரம் ரேண்டு வேலை. அதில் பத்து சதவீதம், 1,86,000 ரேண்டுக்குக் கேரண்டி. பிரீமியத்தை அவர் கட்டினார். ஆனால் அவர் கொடுத்த விலையிலேயே அது சேர்ந்திருந்ததால் கடைசியில் எங்கள் பணம்தான்.

2023 நவம்பர் கடைசியில் அவருடைய ஆட்கள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நான் நேரில் போய்ப் பார்த்தேன். சட்டம் பாதி நின்றது. கூரைத் தகடுகள் தார்ப்பாய் விலகி மழையில் கிடந்தன. வெட்டிய ஓரங்களில் அதற்குள் செம்மண் நிறத்தில் துரு. கடற்காற்று அப்படி. வாடகைச் சாரம் மட்டும் வாராவாரம் பணம் தின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஒப்பந்தப்படி, குறையைச் சரிசெய்யப் பத்து வேலை நாள் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் அவரை ஒப்பந்தத்திலிருந்து நீக்கலாம். டிசம்பர் 4 அன்று அனுப்பினேன். ஒன்பது வேலை நாள் முடிந்ததும் டிசம்பர் 15 மாலை கட்டடத் தொழில் விடுமுறை தொடங்கிவிட்டது. இந்த விடுமுறை நாட்கள் வேலை நாளாகக் கணக்கில் வராது. ஒரே ஒரு நாள் பாக்கி, அது ஜனவரி 8 வரை தள்ளிப்போனது. கேரண்டியின் காலாவதித் தேதியோ ஜனவரி 31. அந்த மூன்று வாரமும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஜனவரி 9 அன்று நீக்கல் நோட்டீஸ் கொடுத்தோம். 11 அன்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: 'உங்கள் கோரிக்கை கேரண்டியின் ஐந்தாவது பிரிவின்படி இல்லை.' என்ன குறை என்று ஒரு வார்த்தை இல்லை. காலாவதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இப்படி எழுதுவது சரியில்லை. அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு உள்ள பெரிய வருத்தம் இதுதான்.

புரோக்கர் விடுமுறையில் இருந்ததால் முதல் கடிதத்தை அவரிடம் காட்டாமல் அனுப்பியது என் தப்பு. திரும்பி வந்தவர் தாளை மேசையில் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். "தங்கச்சி, நீக்கிட்டோம்னு எழுதியிருக்கீங்க. நீக்கின நோட்டீஸோட காப்பி எங்கே? அதைச் சேர்த்து, அவங்க ஆபீஸ் விலாசத்துல கையில கொடுக்கணும்னு இருக்கு பாருங்க" என்றார். அவ்வளவுதான் குறை. சின்ன விஷயம் என்று விட முடியாது. 2011ல் காம்பஸ் இன்சூரன்ஸ் வழக்கில், ஒப்பந்தக்காரரின் நிறுவனம் கலைக்கப்பட்ட நீதிமன்ற உத்தரவின் நகலை இணைக்காமல் பணம் கேட்ட ஹோட்டல்காரர்கள் புளூம்ஃபொன்டெயின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றுப் போனார்கள் என்று புரோக்கர் அண்ணன் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்தத் தீர்ப்பை முழுக்கப் படித்தேன்.

19 அன்று நானே நகலோடு போய்க் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். இதற்கிடையில் சப் காண்ட்ராக்டர், நாங்கள் பணம் தாமதமாகக் கொடுத்ததால்தான் வேலை நின்றது, கேரண்டியைக் கொடுக்காதீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதியிருந்தார். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் எங்கள் தாள் சாதாரண ஜாமீன் கையெழுத்து இல்லை, கேட்டவுடன் கொடுக்க வேண்டிய வகை. ஜாமீன் என்றால், கடன் வாங்கியவர் சொல்லும் சாக்கையெல்லாம் ஜாமீன் போட்டவரும் சொல்லலாம். இந்த வகையில் அது முடியாது. தாளில் சொன்ன நிபந்தனை நிறைவேறினால் கொடுத்தே ஆக வேண்டும், மோசடி இருந்தால் மட்டும் விலக்கு. 2009ல் லொம்பார்ட், லேண்ட்மார்க் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது இதுதான். யார் பக்கம் நியாயம் என்ற சண்டை பிறகு தனியாக நடக்கும்.

தைப்பூசத்துக்கு மறுநாள், ஜனவரி 26, தாளில் சொன்ன ஏழாவது நாளில் முழுப் பணமும் வந்தது. அதற்காக அந்த நிறுவனத்தை மனதாரப் பாராட்டுகிறேன்.

பணம் போதுமா என்றால் போதாது. மீதி வேலையை வேறொருவர் முடிக்க, பழைய விலைக்கு மேல் 2,64,000 ரேண்டு ஆனது. 78,000 எங்கள் கையிலிருந்து. கேரண்டித் தொகைக்கு மேல் ஒரு சென்ட்கூட இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காது. அதை சப் காண்ட்ராக்டரிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும். வந்த பணத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும், மிச்சம் இருந்தால் திருப்பித் தர வேண்டும். ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டிவைத்தேன், மிச்சம் என்ற பேச்சே வரவில்லை.

எனக்குக் கஷ்டமாக இருப்பது ஒன்று. இது சாதாரண இன்சூரன்ஸ் போல இல்லை. கொடுத்த பணத்தை அந்தக் கம்பெனி சப் காண்ட்ராக்டரிடமிருந்து திரும்ப வாங்கும். அவரும் அவர் மனைவியும் சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆடிக் கஞ்சி பூஜையில் மாரியம்மன் கோயில் வரிசையில் பார்த்த முகங்கள். கையெழுத்துப் போடும்போது அவர்களுக்கு இதை யாராவது உட்காரவைத்துச் சொன்னார்களா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

என் மதிப்பெண்: கேரண்டிக்கு ஐந்துக்கு நான்கு, புரோக்கருக்கு ஐந்தும். இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதப் போக்குவரத்துக்கு இரண்டுதான். வெருலத்தில் அடுத்த வேலைக்கும் இதே அண்ணன் மூலம்தான் கேட்டிருக்கிறேன். வேலை முடியும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் தள்ளிக் காலாவதித் தேதி போடச் சொன்னேன், போட்டுக் கொடுத்தார்கள். மூலப் பிரதி இப்போது இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஐந்தாவது பிரிவின் நகலை என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.