உசாகி டிராப்பா, ஸ்வீட்னெஸ் அண்ட் லைட்னிங்கா?

குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) பார்க்கலாம் என்று தேடினால் இந்த இரண்டில்தான் பலர் குழம்புகிறார்கள்.

நீளம்: உசாகி டிராப் (2011) 11 அத்தியாயம். ஸ்வீட்னெஸ் அண்ட் லைட்னிங் (2016) 12. ஒரு வார இறுதி போதும்.

பொறுப்பு வரும் விதம்: முன்னதில் முப்பது வயது டைகிச்சி தாத்தாவின் சாவுக்குப் போகிறான். அங்கே ஆறு வயது ரின், தாத்தாவின் மகள். உறவினர்கள் யாரும் ஏற்காததால் இவனே அழைத்து வந்துவிடுகிறான். பின்னதில் மனைவியை இழந்த கணக்கு வாத்தியார் கோஹெய், மகள் சுமுகிக்காகச் சமையல் பழகுகிறார்.

யதார்த்தம்: இதில் உசாகி டிராப்தான் ஒரு படி மேலே. மழலையர் காப்பகத்துக்கு ஓட்டம், படுக்கை நனைவது, ஓவர்டைம் இல்லாத பிரிவுக்கு மாற்றல் கேட்பது என எல்லாம் உண்டு. மற்றதில் பாதி நேரம் அடுப்படிதான். முதல் அத்தியாயத்தில் மண்சட்டியில் சோறு வேகும்போது நமக்கே பசிக்கும்.

குழந்தை: ரின் வயதுக்கு மீறிய நிதானம். சுமுகி அழுவாள், அடம்பிடிப்பாள். எனக்கு நிஜக் குழந்தையாகத் தெரிந்தது இவள்தான்.

வேலை, பிள்ளை இரண்டுக்கும் நடுவே திணறுபவர்களுக்கு உசாகி டிராப். வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க மற்றது. அப்புறம், உசாகி டிராப்பின் மூலக்கதையான மங்காவின் (ஜப்பானிய காமிக்ஸ்) பின்பாதி பத்து வருடம் தாவிச் செல்கிறது. அதன் முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். அனிமேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.