ஏ9 வீதியோரக் கடையில் பனங்கட்டியும் கித்துள் பாணியும்

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் வீதியோரமாக ஒரு சின்னப் பனம்பொருள் கடை. பனங்கட்டிக்கு என்றால் தாராளமாகப் போங்கள், கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற கித்துள் பாணிக்கு என்றால் பேசாமல் பஸ்ஸிலேயே இருங்கள்.

பனையோலைப் பின்னலுக்குள் பனங்கட்டி வைத்த குட்டான் பத்து வாங்கினேன். ஓலையை உரிக்க, கட்டியில் பின்னல் அச்சு அப்படியே பதிந்திருந்தது. நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய சுண்ணாம்புக் கரிப்பு வரும், அது குறையில்லை, பாளையில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் கருப்பநீர், அதாவது பதநீர், விடியமுன் கள்ளாகிவிடும், அதிலுள்ள சுக்குரோசு உடைந்துவிட்டால் பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி ஒழுங்காக இறுகாது. தேத்தண்ணியோடு கடித்துக் குடிக்க அருமை.

பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டு சுமார். ஒரு துண்டு தேன், அடுத்தது வேப்பங்காய். பனம்பழக் களியில் ஃபிளாபெலிஃபெரின் என்ற கசப்புப் பொருள் (சப்போனின் வகை) இருக்கிறது, கசப்பு அதனால்தான், அதுவும் மரத்துக்கு மரம் மாறும். எல்லாப் பழத்தையும் ஒன்றாகப் பிசைந்து காயவைத்திருந்தால் இப்படித் துண்டுக்குத் துண்டு மாறியிருக்காது.

சரி, கித்துளுக்கு வருவோம். "அதுவும் பனைதானே தம்பி" என்று போத்தலை நீட்டினார் கடைக்காரர். கித்துளுக்குக் கூந்தற்பனை என்றும் பெயர் இருப்பதால் வருகிற குழப்பம். ஒரே குடும்பம்தான், ஆனால் பனை ஓலை விசிறி, கித்துள் ஓலையோ இரண்டு தரம் கிளைத்து நுனியில் மீன்வால் மாதிரி விரியும். பனையில் ஆண் மரம் வேறு பெண் மரம் வேறு, இரண்டிலும் சீவலாம், வருடா வருடம் பாளை வரும். கித்துள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்துக்கொண்டே வந்து அத்தோடு பட்டுப்போகும். கித்துள் பழத்தைச் சும்மா வாயில் வைத்தால் கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் நாக்கைப் பிய்த்துவிடும். கித்துள் பதநீர் புளிக்காமலிருக்க ஒரு மரப்பட்டையைப் போடுவார்கள், அதனால் பாணியில் சுண்ணாம்புக் கரிப்பு இருக்காது, புகை மணந்த வேறொரு இனிப்பு.

அது மலைநாட்டுப் பக்கத்து ஈர மண்ணின் மரம். வன்னி வெயிலில் ஏது? எத்தனை கை மாறி இங்கே வந்ததோ, வாங்கிவந்த இரண்டாம் கிழமையே போத்தல் அடியில் சீனி மணிகள். சீனிப்பாகு கலந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன், புகை மணமும் இல்லை.

போத்தலைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். "நாங்களும் வாங்கித்தானே தம்பி விக்கிறம்" என்றவர், காசு தரவில்லை, மூன்று குட்டான் தந்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.